ஆறாவது கை

ஏலப்பாறைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலை எஸ்டேட்டில் போய் அழகுமலை என்று கேட்டால் சட்டென்று கை காட்டமாட்டார்கள். "யாரு, ஆறாங்கை அழகுமலையா?" என்று திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் வழி சொல்வார்கள். ஃபாக்டரியின் பேக்கிங் அறையில் பெட்டிக்கு ஆணி அடிப்பது அவருக்கு வேலை. வேலையால் வந்த பெயர் இல்லை அது. திங்கட்கிழமை காலையில் முதல் ஆணியை அடிக்கும்போதே, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறாவது ஆள் யார் என்ற கவலை அவருக்குத் தொடங்கிவிடும். அந்தக் கவலையை அவர் ரகசியமாகவும் வைத்துக்கொண்டதில்லை. கொழுந்து இறக்க வந்த லாரி கிளீனரைக்கூட, "தம்பி, ஞாயித்துக்கிழம என்ன சோலி?" என்று விசாரித்துவிடுவார்.

அம்பத்தாறு என்கிற சீட்டாட்டத்தை அந்த மலைக்குக் கொண்டுவந்தவர் டீக்கடை நாணு. கோட்டயம் பக்கத்துக்காரர், மலையாளி. மூணு பேர் ஒரு கட்சி, மூணு பேர் எதிர்க் கட்சி. ஒருவர் விட்டு ஒருவராக வட்டமாக உட்கார வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லக் கூடாது. எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம்போல் கேட்கும் கேள்வியை வைத்தே கூட்டாளி புரிந்துகொள்ள வேண்டும். கெட்டிக்காரத்தனமான ஆட்டம். ஆனால் ஆறு பேர் இல்லாவிட்டால் அது ஆட்டமே இல்லை. ஐந்து பேர் வந்து குந்தினால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆறு பேரைச் சேர்ப்பது என்ன பெரிய வித்தையா என்று நினைப்பவர்கள் ஒரு எஸ்டேட்டில் ஒரு வருஷம் இருந்து பார்க்க வேண்டும். குருசாமி கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறவர். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்; மகரவிளக்கு பார்த்து மலை இறங்கும்வரை சீட்டைத் தொடமாட்டார். அவர் வந்து சேர்ந்து நாலு ஆட்டம் ஆடுவதற்குள் தவக்காலம் வந்துவிடும். டிரையர் அடுப்பு பார்க்கிற சூசையப்பன் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, "ஈஸ்டர் கழிச்சுப் பாப்போம்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். ஈஸ்டர் முடிந்தால் கொழுந்து கொழிக்கிற காலம், ஃபாக்டரியில் ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை. அது ஓய்ந்தால் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை. ஆடுகிற இடமான பழைய கொழுந்து ஷெட் நாலு பக்கமும் ஒழுகும். இத்தனைக்கும் நடுவில் இவர்கள் ஐந்து பேரும் நிரந்தரம் என்று பெயர்: அழகுமலை, நாணு, குருசாமி, சூசையப்பன், பங்களா வாட்சர் மொக்கையன். ஆறாவது இடம்தான் சத்திரம். வந்தவன் எவனும் தங்கவில்லை.

டிராக்டர் ஓட்டுகிற ஏசுதாஸ் நன்றாகத்தான் ஆடினான். பீர்மேட்டில் ஒரு எழுப்புதல் கூட்டத்துக்குப் போய் இரட்சிக்கப்பட்டு வந்தான். அடுத்த ஞாயிறு சீட்டுக்கட்டைப் பார்த்து, "அண்ணே, இது சாத்தானோட பைபிள்" என்றான். அதற்கு முன்னால் ஆபீஸ் கிளார்க் ஒருவர் இருந்தார்; மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்கும் முன்னால் இருந்தவருக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணம் ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? அந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டபோதே அழகுமலைக்குச் சோறு இறங்கவில்லை என்று மொக்கையன் இன்றைக்கும் சொல்வார்.

இதெல்லாம் காலத்தின் குற்றம் என்று விட்டுவிடலாம். அழகுமலையின் சொந்தக் குற்றம் ஒன்று உண்டு. அதுதான் குணுக்கு.

அந்த ஆட்டத்தில் காசு கிடையாது. தோற்ற கட்சிக்காரர்கள் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். மறுபடி ஜெயித்தால் கழற்றலாம், மறுபடி தோற்றால் அடுத்த காதிலும் ஒன்று ஏறும். மலையாளத்து ஊர்களில் பலா இலையைச் சுருட்டி மாட்டுவார்களாம். பேக்கிங் அறைக்காரரான அழகுமலை அதில் ஒரு முன்னேற்றம் கொண்டுவந்தார். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற வெள்ளித்தாளில் மிஞ்சின துண்டுகளை வெட்டி, முறுக்கி, நூல் கோத்து, அசல் ஜிமிக்கி மாதிரியே செய்துகொண்டு வருவார். வெயில் பட்டால் எதிர் மலையில் இருப்பவனுக்கும் தெரியும். அதோடு விட்டாரா? ஆட்டம் முடிந்தாலும் ஷெட்டிலேயே கழற்றிப் போடக் கூடாது, அவரவர் வீட்டு வாசல்வரை மாட்டிக்கொண்டே போக வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டார். "வெளியில தெரியாத தோல்வி என்ன தோல்வி" என்பது அவர் கட்சி. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் காத்திருந்து யார் காதில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பார்கள்.

சட்டம் போட்டவர் தனக்குச் சலுகை எடுத்துக்கொண்டவரும் இல்லை. அவர் மனைவி மூக்கம்மாள் வீட்டு வாசலில் அவர் காதிலிருந்து கழற்றிய குணுக்குகளையெல்லாம் மிளகாய்ச் செடிகளில் குருவி விரட்டக் கட்டிவைத்திருந்தாள். அந்தத் தோட்டம் ஜொலிக்கிற ஜொலிப்பைப் பார்த்தாலே அழகுமலை எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று சொல்லிவிடலாம்.

எழுபத்தேழாம் வருஷம் தவக்காலத்தில், ஆறாவது ஆள் இல்லாமல் காய்ந்துபோய்க் கிடந்த நேரத்தில்தான் அவர் புதிய கம்பவுண்டரைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். விரலில் சுத்தியல் பட்டு மருந்து போட டிஸ்பென்சரிக்குப் போயிருந்தார். பவுல்ராஜ் என்ற அந்தக் கம்பவுண்டர் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மனைவி இல்லை. புஷ்பமேரி என்று ஒரே மகள். சிரிக்காத மனுஷர் என்று பெயர். அவர் நோயாளிகளின் சீட்டுகளை இடது கையில் விசிறியாக விரித்துப் பிடித்து, பெருவிரலால் ஒன்றை மேலே தள்ளி, அதை இழுத்து, மற்றதை ஒரே தட்டில் சேர்த்ததை அழகுமலை பார்த்தார். விரல் வலி மறந்துபோயிற்று.

"சாருக்கு அம்பத்தாறு தெரியுமா?"

கம்பவுண்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "விரலுக்கு ஊசி போடணும். துரு ஆணியா?"

"ஆணி இல்ல சார், சுத்தியல்."

"எதுக்கும் போட்டுருவோம். திரும்பி நில்லுங்க."

ஊசி தேவையே இல்லை என்று அழகுமலைக்குத் தெரியும். இந்த நேரத்தில் மறுத்துப் பேசினால் காரியம் கெட்டுவிடும் என்பதும் தெரியும். திரும்பி நின்றார். ஊசி உள்ளே போன பிறகு பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"நாகர்கோயில் ஆஸ்பத்திரியில நைட் டூட்டியில ஆடுவோம். ஈஸ்டர் கழியட்டும்."

அந்த வருஷம் அழகுமலை நோற்ற தவக்காலத்தைச் சூசையப்பன்கூட நோற்றிருக்கமாட்டார். குருத்தோலை ஞாயிறு எப்போது, பெரிய வெள்ளி எப்போது என்று அவரைக் கேட்டால்தான் சரியாகச் சொல்வார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கம்பவுண்டர் வெள்ளை வேட்டி கட்டி ஷெட்டுக்கு வந்து, கீழே செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். முதல் கையிலேயே அவர் கேட்ட கேள்வியைக் கேட்டு நாணு, "இது ஆளு கொள்ளாமல்லோ" என்று மலையாளத்தில் மெச்சிக்கொண்டார். அதன் பிறகு வந்த ஞாயிறுகள் பொன்னான ஞாயிறுகள். சிரிக்காத கம்பவுண்டர் தோற்று, ஒரு காதில் வெள்ளித்தாள் தொங்க, குடையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு லயம் வழியாக நடந்துபோன காட்சியைக் காண டிஸ்பென்சரியில் ஊசி வாங்கிய அத்தனை பேரும் வாசலுக்கு வந்தார்கள். அவரோ சட்டம் சட்டம்தான் என்று ஏற்றுக்கொண்டார். அழகுமலைக்கு அவர்மேல் அன்றைக்குப் பொங்கி வந்த பிரியத்துக்கு அளவில்லை.

சித்திரை முடிகிற சமயம் அது நடந்தது. கம்பவுண்டர் கட்சி அன்றைக்கு ஆட்டம் தொடங்கியதிலிருந்தே தோற்றது. முதலில் ஒரு காது, பிறகு மறு காது. இரண்டு காதிலும் பளபளக்க அவர் வீட்டை நோக்கி நடந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் நாணு கொடுத்த பலாப்பழத் துண்டு. வீட்டு வாசலில் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுக் காதைக் கவனிக்கலாம் என்று இருந்தார். ஆனால் வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பமேரியைப் பெண் பார்க்க அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்த மாப்பிள்ளை வீட்டார். ஏலப்பாறையில் ஒரு துக்க வீட்டுக்கு வந்தவர்கள், வந்தது வந்தோம், இதையும் முடித்துவிடலாம் என்று வந்துவிட்டார்கள். கம்பவுண்டர் பதறிப்போய்ப் பலாப்பழத்தைப் போட்டுவிட்டு, "வாங்க, வாங்க" என்று இரண்டு கையையும் கூப்பி, தலையையும் நன்றாக ஆட்டிவிட்டார். தலை ஆட ஆட ஜிமிக்கியும் ஆடியது.

மாப்பிள்ளையின் அம்மா கத்தரீனாள் பாதிக் காப்பியோடு டம்ளரை வைத்துவிட்டாள். அப்பா சுவக்கீன், குட்டிக்கானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசர், வாயைத் திறக்கவே இல்லை. "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்துவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். புஷ்பமேரிதான் அவர் காதிலிருந்து அதைக் கழற்றினாள். திட்டக்கூட இல்லையாம். திட்டியிருந்தால் தேவலை என்று கம்பவுண்டர் பிறகு சூசையப்பனிடம் சொன்னாராம்.

மறுநாள் அழகுமலை டிஸ்பென்சரிக்கு ஓடினார். கம்பவுண்டர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒங்க ஆட்டமும் வேண்டாம், ஒங்க சட்டமும் வேண்டாம். எனக்கு ஒரே பொண்ணு. இனி அந்த ஷெட்டு இருக்கிற பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன். அடுத்த ஆளு வாங்க."

அடுத்த ஞாயிறு ஐந்து பேர் ஷெட்டில் உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார்கள். குருசாமி கொட்டாவி விட்டார். அழகுமலை சும்மா இருக்க முடியாமல் ஆள் பார்க்க லயத்துப் பக்கம் போய், யாரும் சிக்காமல் திரும்பி வந்தபோது, ஷெட்டின் தகரத்துக்கு அந்தப் பக்கம் மொக்கையன் பேசுவது கேட்டது.

"ஏம்ப்பா, நாலு பேரு இருந்தா இருபத்தெட்டு ஆடலாம்ல. எதுக்கு இந்த ஆறாம் ஆளுக்கு வருசம் பூரா பிச்ச எடுக்கணும்? குணுக்கு வேண்டாம், ஊரு சிரிப்பும் வேண்டாம்."

"நாம அஞ்சு பேருல்லா இருக்கோம்" என்றார் சூசையப்பன்.

மொக்கையன் பதில் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் கழிந்துபோகிற அந்த ஐந்தாவது ஆள் யார் என்பது அழகுமலைக்குப் புரிந்துவிட்டது. வருஷம் பூராவும் ஆள் தேடி அலைந்தவர், வெள்ளித்தாள் வெட்டி வந்தவர், ஒழுகுகிற தகரத்துக்குத் தார் பூசியவர், அவர்தான். அவர் உள்ளே போகவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தார். மூக்கம்மாள் வாசலுக்கு வந்து அவர் இரண்டு காதையும் பார்த்து, "இன்னிக்கு ஒண்ணும் இல்லியா?" என்றாள். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். சீட்டாட்டத்துக்காகக் கண் கலங்குகிற மனுஷனை மூக்கம்மாள் அன்றைக்குத்தான் பார்த்தாள். சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"கம்பவுண்டரு ஒன் மேலயா கோவமா இருக்காரு? மகளுக்குச் சம்பந்தம் கெட்டுப்போச்சேன்னுதான கோவம்? அங்க போயிக் கெஞ்சி என்ன செய்ய? அந்த மாப்ள வீட்டுக்குப் போ. இது எதுக்கு மாட்டுறோம்னு சொல்லு. சொன்னா நம்பமாட்டாக, மாட்டியே காட்டு." அவளே போய் மிளகாய்ச் செடியிலிருந்து நல்லதாக ஒரு ஜோடியைப் பிய்த்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அந்த வாரம் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அழகுமலை பஸ் ஏறினார். குட்டிக்கானத்தில் இறங்கி வேறு பஸ் மாறி, அப்புறம் ஏற்றத்தில் நடந்து சுவக்கீன் வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோயிற்று. வாசலில் கத்தரீனாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சுவக்கீன் வந்தார். அழகுமலை பெயர் சொல்லி, எஸ்டேட் சொல்லி, "கம்பவுண்டர் காதுல கெடந்ததுக்குக் காரணம் நான்தாங்கய்யா" என்று தொடங்கினார்.

கத்தரீனாள் புடைப்பதை நிறுத்தினாள். "சீட்டுல தோத்து மாட்டினதுன்னு பஸ் ஸ்டாண்டுல சொன்னாங்க. நெசந்தானா?"

"நெசந்தாம்மா. ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். சீட்டுல தோத்துத் தோத்து, எங்கம்மா காதுல கெடந்த கம்மல ராத்திரியோட ராத்திரியாக் கழத்திட்டுப் போனான். அவ சாகுறவரைக்கும் காதுல ஈர்க்குச்சியப் போட்டுக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போனா. சீட்டாடுற வீட்டுச் சம்பந்தம் எனக்கு வேண்டாம்."

அழகுமலை விளையாட்டாகச் சமாளித்துவிடலாம் என்று வந்தவர். ஆனால் இது நியாயமான பயம் என்று அவருக்கே பட்டது. சட்டைப் பையிலிருந்து அந்த ஜோடியை எடுத்து, அந்நிய வீட்டு வாசலில் நின்றபடி தன் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார்.

"எங்க ஆட்டத்துல தோத்தா இவ்வளவுதாம்மா போகும். காசே கெடையாது. காசு வச்சு ஆடுறவன் ஒருத்தனும் எங்ககூட உக்காரமாட்டான். தோத்தவன் இத மாட்டிக்கிட்டு வீட்டு வாசல் வரைக்கும் போகணும். அதுவும் நான் போட்ட சட்டம். கம்பவுண்டரு நெனச்சிருந்தா வழியில கழத்திப் பையில போட்டிருக்கலாம். யாரு பாக்கப் போறா? போடல. வாக்குக் குடுத்துட்டா மனுசன் அப்படி."

கத்தரீனாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்த மீசையும் பெட்டி தூக்கித் தூக்கி இறுகின தோளுமாக, இரண்டு பக்கமும் ஜிமிக்கி ஆட, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்துவிட்டு நிற்கிறவர் மாதிரி நின்றார். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று அழகுமலை பயந்தார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பொம்பள காதுலேருந்து கழத்துற சீட்டாட்டத்தத்தான் நான் பாத்திருக்கேன். ஆம்பள காதுல மாட்டுற சீட்டாட்டத்த இப்பத்தான் பாக்கேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் காதுல யாராவது இத மாட்டி ஊரு வழியா நடக்க விட்டிருந்தா எங்கம்மா கம்மலோட போய்ச் சேந்திருப்பா. உக்காருங்க, காப்பி போடுதேன்."

அவள் உள்ளே போனதும், அதுவரை வாயைத் திறக்காத சுவக்கீன் அழகுமலையின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

"ஆறு பேரா, எட்டுப் பேரா?"

அழகுமலைக்குப் புரியவில்லை.

"அம்பத்தாறுதான? அன்னிக்கு அவரு காதப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவ பக்கத்துல நிக்கா, நான் எப்படி வாயத் தொறக்க? இந்த மலைக்கு மாறி வந்ததுலேருந்து ஒரு கை ஆடல. இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. நாலு பேரச் சேத்துச் சொல்லிக் குடுத்தேன், ரெண்டு பேரு யூனியன் சண்டையில பிரிஞ்சுட்டாங்க, ஒருத்தன் ஊருக்கே போயிட்டான். சீட்டுக்கட்டு டிரங்குப் பெட்டிக்குள்ள கெடக்கு." பேசிக்கொண்டே அவர் அழகுமலையின் வலது காதிலிருந்து குணுக்கைக் கழற்றி, தன் காதில் மாட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீரு" என்றார்.

இப்படியும் ஒரு மனுஷன் இந்த மலையிலேயே இரண்டு பஸ் தூரத்தில் ஆள் இல்லாமல் காய்ந்துகொண்டு இருந்திருக்கிறான் என்று நினைத்ததும் அழகுமலை அவர் கையைப் பற்றிக்கொண்டார். ஒரே நோய் கண்ட இருவர் வைத்தியர் வீட்டில் சந்தித்துக்கொண்டதுபோல் அவர்கள் காப்பி வரும்வரை கைகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

சம்பந்தம் முடிந்தது. நிச்சயத்துக்குக் கோயிலில் நாள் குறித்தார்கள். கம்பவுண்டர் பேக்கிங் அறைக்கே வந்து, ஆணிச் சத்தத்துக்கு நடுவில் ஏதோ சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் சிரித்தார். அந்தப் பக்கத்தில் அதை முதலில் பார்த்தவர் என்ற பெருமை அழகுமலைக்கு உண்டு. "ஞாயித்துக்கிழம வாரேன். சம்பந்தியும் வாராரு" என்றது மட்டும் கடைசியில் காதில் விழுந்தது.

மகிழ்ச்சியில் அழகுமலை அந்த வாரம் முழுக்க எண்ணிப் பார்க்கவே இல்லை. ஆறாவது ஆளைத் தவிர வேறு எதையும் எண்ணிப் பழகாதவர். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் சுவக்கீன் துணிப்பையிலிருந்து தன் சீட்டுக்கட்டை எடுத்து வைத்து, கம்பவுண்டர் செய்தித்தாளை விரித்தபோதுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் தலைகளை எண்ணினார்கள். ஏழு.

மாப்பிள்ளைக்கு அப்பாவை நிற்க வைக்க முடியாது. அவரை உட்கார வைத்துவிட்டுச் சம்பந்தி கம்பவுண்டர் எழுந்து போகவும் முடியாது, அது மரியாதை இல்லை. நாணு, "எனக்குக் கடையுண்டு" என்று சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை. மொக்கையன் தகரத்தில் ஓட்டை தேடினார். சூசையப்பன் தன் கால்விரல்களைக் கவனித்தார்.

"நீங்க ஆடுங்கப்பா. எனக்கு இன்னிக்கு முதுகு பிடிச்சிருக்கு, உக்கார முடியல" என்றார் அழகுமலை.

யாராவது ஒருத்தர் மறுப்பார் என்று அவர் ஒரு கணம் காத்திருந்தார். ஒருத்தரும் மறுக்கவில்லை. மறுத்தால் தான் எழ வேண்டி வரும் என்று ஒவ்வொருவருக்கும் பயம். அது அவருக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஐந்து பேராக இருந்தபோதும் மிஞ்சினது அவர்தான், ஏழு பேரானபோதும் மிஞ்சினது அவர்தான். தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். சீட்டு விழுகிற சத்தம் இனிமையாக இருந்தது. அந்த இனிமை இன்னும் வலித்தது.

முதல் கையிலேயே தகராறு வந்தது. குருசாமி கேட்ட கேள்வி செல்லுமா செல்லாதா என்று நாணுவும் சுவக்கீனும் இரண்டு ஊர்ச் சட்டம் பேசினார்கள். ஆறு பேரும் தூணைப் பார்த்தார்கள். "செல்லாது. திருப்பிக் கேளுங்க" என்றார் அழகுமலை. கேட்டார்கள். இரண்டாவது கையிலும் அப்படியே. மூன்றாவது கையில் மொக்கையன் சீட்டைப் போடாமல் நிறுத்தி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவருக்கு முகமே சரியில்லை.

"வெளங்காது" என்றார் பொதுவாக. "பெருசு நின்னுக்கிட்டு இருக்கு, எனக்குக் கை ஓடல."

அப்போது சுவக்கீன் தன் கையிலிருந்த சீட்டுகளை மூடிக் கீழே வைத்தார். "அவர நிக்க வச்சு ஆடுறதுக்கா நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்? ஏங்க, எங்க ஊர்ல இத எட்டுப் பேருகூட ஆடுவோம். ஏழு, எட்டுச் சீட்டையும் கட்டுல சேத்துக்கிட்டாப் போதும், எல்லாருக்கும் கை வரும். இன்னும் ஒரு ஆளு இருந்தா எல்லாரும் உக்காரலாம்."

"எட்டா?" என்றார் குருசாமி. "ஆறுக்கே இந்த மலையில நாக்குத் தள்ளுது. எட்டாவது ஆளுக்கு எங்க போறது? சொல்லும்யா அழகுமலை."

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தார்கள். தூண் மட்டும் இருந்தது. வாசலில் கிடந்த அவர் செருப்பைக் காணோம். கீழே, லயத்துக்கு இறங்குகிற பாதையில், முதுகு பிடித்துக்கொண்ட அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் குறுக்கு வழியாகப் பாதி ஓட்டமும் பாதி நடையுமாக இறங்கிக்கொண்டிருந்தார். வளைவில் நின்று ஷெட்டைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்.

"ஒருத்தரும் எந்திரிச்சிராதீங்கப்பா. இந்தா, ஆளோட வந்துர்றேன்."

அந்தக் குரலில் அத்தனை சந்தோஷம் இருந்தது. மேலே, ஆட்டத்துக்கு வேண்டிய ஆறு பேரும் இருந்தும், சீட்டைக் கையில் எடுக்காமல் அவருக்காகக் காத்திருந்தார்கள்.